ஒரு மூட்டை ஏலக்காய்க்கு ஐந்து துறை

எரிசக்தித் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் இன்று யாரும் மறுப்பதில்லை. கருத்தரங்கு மேடைகளில் கைதட்டல்கூடக் கிடைக்கும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சொல்லும்போதுதான் முகம் சுருங்குகிறது. ‘சட்டம் எதற்குங்க? துறைகள் தாங்களே புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. விஞ்ஞானிகளுக்கு மனம் இருந்தால் வேலை நடக்கும், மனம் இல்லாவிட்டால் எந்தச் சட்டத்தாலும் நடக்காது. போதாக்குறைக்கு 2023-இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வேறு வந்தாகிவிட்டது. இன்னொரு சட்டம் போட்டால் இன்னொரு கமிட்டி வரும், அவ்வளவுதான்.’ பதவியில் இருக்கும் அதிகாரியும் ஓய்வுபெற்ற துணைவேந்தரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் கொண்டுபோய் வைத்தால் அந்த நியாயம் நிற்பதில்லை.

அங்கே ஒரு கிடங்கில் வந்து இறங்கும் ஏலக்காய் மூட்டையை எடுத்துக்கொள்வோம். இடுக்கி மலையில் விளைந்தது. தேனி, கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறும் தமிழ்ப் பெண்கள் பறித்ததாகவே பெரும்பாலும் இருக்கும். புத்தடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏலம் போயிருக்கும். பறித்த காயில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம். ‘ஸ்டோர்’ என்று தோட்டத்தார் சொல்லும் உலர்த்துக் கூடத்தில் விறகை எரித்து, சூட்டைக் குழாய் வழியே ஓடவிட்டு, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வைத்து, அந்த ஈரத்தைப் பத்துப் பங்குக்குக் கொண்டுவருகிறார்கள். சூடு 55 டிகிரியைத் தாண்டினால் பச்சை நிறம் போகும். பச்சை போனால் விலையும் போகும். சூடு குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்து ஒரு கிலோவாகும். மழைக்காலத்திலேயே பறிப்பு தொடங்கிவிடுவதால் வெயிலை நம்பி உட்கார முடியாது. விறகுதான் கதி.

விறகில்லாமல், அல்லது பாதி விறகில், பச்சை போகாமல் இந்தச் சூட்டைத் தருவது எப்படி? எளிய கேள்வி. இதை எந்தத் துறையிடம் கேட்பது? ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் மைலாடும்பாறையில் இருக்கிறது. அது நறுமணப்பொருள் வாரியத்தின் கீழ் வருகிறது. வாரியம் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது, தலைமையகம் கொச்சியிலேயே. அதன் அமைச்சகம் வணிகம். கோழிக்கோட்டில் உள்ள நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையமோ இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு உட்பட்டது, அது வேளாண் அமைச்சகம். சூரிய உலர்த்தி என்றால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். விறகு என்றால் வனம். உலர்ந்த காயில் காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்குவதென்றால் அணுசக்தித் துறை. ஒரு மூட்டைக்கு ஐந்து துறை.

ஐந்திலும் நல்ல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், ஆய்வுகளும் நடக்கின்றன. ஸ்டோரின் விறகுச் செலவு, காயின் நிறம், எண்ணெய் அளவு, ஏலத்தில் கிடைத்த விலை, இந்த நான்கையும் ஒரே ஏட்டில் வைத்து விவசாயிக்கு விடை சொல்லும் கடமை மட்டும் ஐவரில் ஒருவருக்கும் கிடையாது. மட்டாஞ்சேரிக்கு நேர் எதிரே, கால்வாயைத் தாண்டினால் வெல்லிங்டன் தீவு. அங்கே 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், மழைக்காலத்துக்கு எல்பிஜி அல்லது மின்சாரத் துணையோடு இயங்கும் சூரிய உலர்த்திகளை மீனுக்காக வடிவமைத்திருக்கிறது. மீனுக்கு விடை கண்டவர்களுக்கும் ஏலக்காய்க்கு விடை தேடுபவர்களுக்கும் நடுவே இருப்பது படகில் சில நிமிடத் தூரம். ஆனால் மீன்காரர் ஏலக்காய்ப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. திரும்பினால் அது அவருடைய பெருந்தன்மை. பெருந்தன்மையை நம்பி ஒரு நாடு ஆராய்ச்சி நடத்தக்கூடாது என்பதே என் வாதம்.

மனம் போதும் என்பவர்கள் முதலில் நிறுத்தும் சாட்சி டிராம்பே. பாபா அணு ஆராய்ச்சி மையம் விதைகளில் கதிர் பாய்ச்சித் திடீர்மாற்றம் உண்டாக்கி, வேளாண் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்களைத் தந்திருக்கிறது. டிஏஜி-24 நிலக்கடலை பல மாநிலங்களில் பரவியது. அகோலாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய டிஏயூ-1 உளுந்து மகாராஷ்டிரத்தின் உளுந்து வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்தது. கூட்டுச் சட்டம் எதுவும் இல்லாமலே அணுவும் உழவும் கைகோத்தன, பாருங்கள் என்கிறார்கள்.

பார்க்கலாம். டிராம்பேயை விட்டு விதை வெளியே வந்தபோது அதற்கு வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நாடு தழுவிய ஒருங்கிணைந்த சோதனைகள், ரகத்தை அறிவிக்கை செய்ய 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம், சான்று தர ஒரு முகமை, பெருக்கி விற்க மாநில விதைக் கழகங்கள். எந்தப் படியில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது. கூட்டாளிகளின் மனம் விதையை ஆய்வுக்கூட வாசல்வரை கொண்டுவந்தது. வாசலிலிருந்து வயல்வரை கொண்டுபோனது சட்டம்.

அதே டிராம்பேயில் பிறந்த இன்னொரு ஆராய்ச்சியின் கதையைச் சொன்னால் இது விளங்கும். உணவுப் பொருளில் காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கும் வேலையும் அங்கே பல காலம் நடந்ததுதான். அதற்கான விதிகள் அணுசக்திச் சட்டத்தின்கீழ் 1991-இல் வந்தன. வெங்காயம், உருளைக்கிழங்கு, நறுமணப்பொருள் ஆகியவற்றைக் கதிர் பாய்ச்சி உள்நாட்டில் விற்கக் கலப்படத் தடை விதிகள் 1994-இல் இடம் கொடுத்தன. நறுமணப்பொருளுக்கான ஆலை நவி மும்பையின் வாஷியில் 2000-இல் வந்தது. அதற்குப் பின் என்ன ஆயிற்று? 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு எச்சம் இருக்கிறது என்று இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றைக் கடையிலிருந்து எடுக்கச் சொன்னபோது நாடே திடுக்கிட்டது. எத்திலீன் ஆக்சைடு கிருமி நீக்கப் பயன்படுத்தும் வாயு. உணவில் அது கூடாது என்று ஐரோப்பா எப்போதோ தடை போட்டுவிட்டது. உலர்ந்த நறுமணப்பொருளுக்குக் கதிர் பாய்ச்சலாம் என்று 1999-இல் அனுமதியும் தந்துவிட்டது. நம்மிடம் அந்தக் கதிர் இருந்தது, ஆலையும் இருந்தது. ஐம்பது உணவுக் கதிர்வீச்சு அலகுகளுக்கு உதவி என்ற அறிவிப்பு 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில்தான் வருகிறது. வாஷி ஆலைக்கு அப்போது வயது இருபத்து நான்கு.

ஆலைக்கு முதலீடு அதிகம், கதிர் என்ற பேச்சே வாங்குபவருக்குப் பயம், இறக்குமதி செய்யும் நாட்டுக்கு நாடு விதி வேறு, நீராவியால் கிருமி நீக்கும் வழியும் உண்டு என்று பதில் வரும். அத்தனையும் உண்மை. மிளகுக்கு எது மலிவு, ஏலக்காயின் மணம் எதில் தங்கும், எந்தச் சந்தை எதை ஏற்கும் என்று கதிரையும் நீராவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து, சின்ன ஏற்றுமதியாளரும் நம்பும்படி வெளியிட வேண்டியது யாருடைய பொறுப்பு? அணுசக்தித் துறைக்குக் கதிர் தெரியும், மிளகுச் சந்தை தெரியாது. வாரியத்துக்குச் சந்தை தெரியும், கதிர் அதன் கையில் இல்லை. நடுவில் நிற்கிற கேள்விக்கு வீடு இல்லை.

அடுத்த சாட்சி நெடும்பாசேரி. 2015 ஆகஸ்ட் 18 முதல் கொச்சி விமான நிலையம் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. 45 ஏக்கரில் 12 மெகாவாட் நிலையம். தகடுகளுக்கு நடுவே காய்கறி விளைகிறது, தகடு கழுவும் தண்ணீரே பாசனமும் ஆகிறது. 2018-இல் ஐ.நா.வின் உயரிய சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அங்கே நிலம், தகடு, மின்சாரம், காய்கறி எல்லாம் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். கூட்டாளியே இல்லாத இடத்தைக் கூட்டு முயற்சிக்குச் சாட்சியாக அழைப்பது என்ன வாதம்?

கூட்டாளிகள் உள்ள இடம் கடமக்குடி போன்ற ஊர்களின் பொக்காளி வயல். பாதி ஆண்டு நெல், பாதி ஆண்டு இறால். அந்த வயலுக்கு மேல் கால் நட்டுத் தகடு வைக்கலாமா? நெல்லைப் பற்றிக் கேட்டால் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வைற்றிலா நெல் ஆராய்ச்சி நிலையம், இறாலைப் பற்றிக் கேட்டால் மீன்வளத் துறை, தகட்டைப் பற்றிக் கேட்டால் மாநிலப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையான அனர்ட், கம்பியைப் பற்றிக் கேட்டால் மின்வாரியம். போதாததற்கு, நெல்வயலை வேறெதற்கும் மாற்றக்கூடாது என்ற 2008-ஆம் ஆண்டுச் சட்டம். நிழல் விழுந்த வயல் நெல்வயல்தானா, மாற்றப்பட்ட நிலமா என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எதிர்பார்த்த கேள்வியே அல்ல. எவ்வளவு நிழலில் எவ்வளவு நெல் குறையும் என்று அளந்து சொல்ல வேண்டியவர் இல்லாதவரை, வருவாய்த் துறை அலுவலர் தனக்குத் தோன்றியதையே முடிவாக எழுதுவார்.

குட்டநாட்டில் இன்னும் பழைய கதை. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பாடசேகரங்கள் என்ற நெல்வயல் தொகுதிகளிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் பொறிக்குப் பெயர் ‘பெட்டியும் பறையும்’. பறைக்குள் விசிறி சுழன்று தண்ணீரை மேலே தள்ளும், பெட்டி வழியே அது வரம்பைத் தாண்டி ஆற்றில் விழும். நூறாண்டுப் பழக்கம். மின்சாரத்தை வாரிக் குடிக்கிறது என்பதில் இரண்டு கருத்து கிடையாது. மாற்றுப் பம்புகளும் வந்திருக்கின்றன. பிறகு ஏன் பெட்டியும் பறையும் போகவில்லை? புதுப் பம்பு வாங்கும் செலவு பாடசேகரத்தின் தலையில். மின்கட்டணம் வேளாண் துறையின் கணக்கில். மின்சாரம் மிச்சமானால் லாபம் மின்வாரியத்துக்கு. செலவு செய்கிறவருக்கு மிச்சம் இல்லை, மிச்சம் பெறுகிறவருக்குச் செலவு இல்லை. இதில் யாருடைய மனதைத் திருத்துவது? மூன்று கணக்கையும் ஒரே கணக்காக்கினால் ஒழிய, மூன்று பேரும் உத்தமர்களாக இருந்தாலும் ஒன்றும் நகராது.

நாடளாவிய அளவிலும் இதே கோளாறுதான். 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம் உழவர்களுக்குச் சூரிய பம்பு தருகிறது. 2026 மார்ச்சுக்குள் 34,800 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். நிலத்தடி நீர் வற்றிய பகுதிகளில் சிக்கனப் பாசனம் வேண்டும் என்று வழிகாட்டுநெறியில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் திட்டத்தை நடத்துவது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என்பதால் எண்ணப்படுவது பம்பும் மெகாவாட்டும். வெயிலுக்குக் கட்டணம் இல்லாததால் பம்பை நிறுத்த விவசாயிக்குக் காரணமும் இல்லை. கிணறு எவ்வளவு இறங்கியது என்பது இன்னொரு துறையின் பதிவேடு. இலவச மின்சாரத்தில் முப்பது ஆண்டுக்கும் மேலான அனுபவம் உள்ள தமிழ்நாட்டுக்கு இது எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எத்தனாலைப் பாருங்கள். 2018-ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கைப்படி ஒருங்கிணைப்புக் குழு உண்டு, தலைவர் பெட்ரோலிய அமைச்சர். பெட்ரோலில் 20 விழுக்காடு கலப்பு என்ற இலக்கை 2030-லிருந்து முன்னுக்கு இழுத்து 2025-இல் எட்டியும் விட்டார்கள். எட்டிய வழியைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி எத்தனால் ஆலைகளுக்கு நிறுத்தப்பட்டது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் மக்காச்சோளம் இறக்குமதி செய்தது. தீவன விலை ஏறி நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள் கூக்குரலிட்டார்கள். எரிபொருள் இலக்கை நிர்ணயிக்கும்போதே தீவனத்தையும் தண்ணீரையும் சேர்த்து ஆராயும் கடமை சட்டத்தில் இருந்திருந்தால், நாமக்கல்லின் கேள்வி ஆலை எழும்புவதற்கு முன்பே எழுந்திருக்கும்.

‘அதற்குத்தான் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே’ என்பது அடுத்த கட்சி. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அதன் வரம்புக்குள் வேளாண்மையும் உண்டு, பொறியியலும் உண்டு. ஆனால் அது விண்ணப்பித்தவருக்கு நிதி தரும் அமைப்பு. இரண்டு அமைச்சகங்களை ஒரு கேள்விக்கு மாட்டிவிட்டு விடை எங்கே என்று கேட்கும் சட்டம் அல்ல. பிரதமர் தலைவர், இரண்டு மத்திய அமைச்சர்கள் துணைத்தலைவர்கள் என்ற அமைப்பில் குட்டநாட்டுப் பாடசேகரம் எந்த நாற்காலியில் உட்காரும்?

அமெரிக்காவில்கூட இரு துறைகளின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடவில்லை. 2000-ஆம் ஆண்டு உயிரிப்பொருள் ஆராய்ச்சிச் சட்டம் எரிசக்தித் துறையையும் வேளாண் துறையையும் ஒரே வாரியத்தில் உட்கார வைத்தது. இரு துறைகளின் கூட்டு ஆராய்ச்சிக்கென்றே தனி மசோதா ஒன்று 2023-இல் வந்து கீழவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை, 2025-இல் மறுபடி கொண்டுவரப்பட்டது. அந்த மசோதாவும் கேட்பது புரிந்துணர்வு ஒப்பந்தத்தைத்தான். ஆனால் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும், இரண்டு ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தே ஆக வேண்டும் என்கிறது. நம் ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் புகைப்படம் வரும். அது காலாவதியாகும் நாள் எவருக்கும் தெரியாது.

சட்டம் மனதை உண்டாக்காது என்பது சரிதான். உண்டாக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2005-க்கு முன்பும் மனம் இருந்தால் அரசு அலுவலகங்கள் கோப்பைக் காட்டியிருக்கலாம். எத்தனை காட்டின? தகவல் உரிமைச் சட்டம் எந்த எழுத்தரின் மனதையும் திருத்தவில்லை. முப்பது நாளில் பதில் என்று எழுதி வைத்தது, பதில் வர ஆரம்பித்தது.

எதிர்ப்பில் எனக்கு மதிப்பான ஒன்று உண்டு. கூட்டுச் சட்டம் என்று ஆரம்பித்தால் மத்திய அரசு மாநிலத்தை விழுங்கும் என்ற பயம். நியாயமான பயம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் வேளாண்மை, அதன் கல்வி, அதன் ஆராய்ச்சி மூன்றும் மாநிலப் பட்டியலின் 14-ஆம் பதிவு. மின்சாரம் பொதுப் பட்டியல். அணுசக்தி மத்தியப் பட்டியல். இந்த மூன்று தளங்களையும் தில்லியில் இருந்தபடி ஒரே கையெழுத்தில் தைக்க முயன்றால் கிழியும். வழி வேறு இருக்கிறது. 252-ஆம் பிரிவின்படி இரண்டோ அதற்கு மேலோ மாநிலச் சட்டப்பேரவைகள் தீர்மானம் போட்டுக் கேட்டால், மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்படி வந்ததுதான். கேட்ட மாநிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும், விரும்பிய மற்ற மாநிலங்கள் பிறகு சேரலாம். திருத்துவதற்கும் அதே வழிதான். மாநிலங்கள் கேட்டு வந்த சட்டத்தைத் தில்லி தனியாக மாற்ற முடியாது.

கமிட்டி பெருகும் என்ற கேலிக்கும் பதில் உண்டு. நான் கேட்கும் சட்டத்துக்கு நான்கு கூறு போதும். கூட்டு ஆராய்ச்சிக்கென ஒரே கணக்குத் தலைப்பு, குட்டநாட்டு மூன்று கணக்கும் அதில் ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் அறிக்கை, தோற்ற சோதனைகளும் அதில் வர வேண்டும். மூன்றாவது, பயன்படுத்துபவருக்கு இருக்கை. மட்டாஞ்சேரியில் மிளகு வாங்குகிறவர் ஆய்வுக்கட்டுரை பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் அளவையில் மிளகைக் கொட்டி, மேலே தடவி மட்டமாக்கி, தராசில் வைக்கிறார். 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 என்றால் இன்னொரு விலை. உலர்த்தியின் வெப்பத்திறன் எத்தனை உயர்ந்தாலும் அந்த ‘லிட்டர் வெயிட்’ இறங்கினால் விவசாயி அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். இது தெரிந்தவர் ஆராய்ச்சிக் கேள்வியை எழுதும் இடத்திலேயே இருக்க வேண்டும், முடிவு விழாவில் பொன்னாடை வாங்க வந்தால் போதாது. நான்காவது, பத்து ஆண்டில் சட்டம் தானாகக் காலாவதியாக வேண்டும். பயன் இருந்தால் அவைகள் புதுப்பிக்கட்டும், இல்லாவிட்டால் கமிட்டியோடு சேர்ந்து போகட்டும்.

வியட்நாம் மிளகின் விலையை இந்தச் சட்டம் ஏற்றாது, மழையை நிறுத்தாது. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. கேள்விக்கு ஒரு முகவரி தரும், அவ்வளவே அதன் வேலை. ஏலக்காயாலும் மழையாலும் ஏற்கெனவே பிணைந்து கிடக்கும் கேரளமும் தமிழ்நாடும் அந்தத் தீர்மானத்தைப் போட வேறு யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை, இரண்டு பேரவைகள் போதும் என்றுதான் அரசியலமைப்பே சொல்கிறது.

ஒப்பந்தம் போதும் என்பவர்கள் அடுத்த மேடையில் ஏறும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்கட்டும். குட்டநாட்டுப் பம்பின் மின்சாரத்துக்கும், இடுக்கி ஸ்டோரின் விறகுக்கும், நாமக்கல் தீவனத்துக்கும் சேர்த்து விடை சொல்ல வேண்டிய அலுவலகம் எது, அங்கே கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும்? சொல்ல முடிந்தால் சட்டம் வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். சொல்ல முடியாதவரை, இத்தனை காலம் போட்ட ஒப்பந்தங்கள் போதவில்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.